பெண் வண்டு பாடாது

என் தையல் கடைக்கும் வண்டுக்காரர் வீட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். கட்டினவன் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறான். அந்தப் பக்கம் ஒருத்தர் தும்மினால் இந்தப் பக்கம் நான் ஊசியைக் கையில் குத்திக்கொள்வேன். அப்படிப்பட்ட சுவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் சில்வண்டு வளர்த்தால் எப்படி இருக்கும்? கடை திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை காதுக்குள் ரம்பம் அறுத்துக்கொண்டே இருக்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள், "என்னக்கா, மிஷினுக்கு எண்ணெய் போடலையா?" என்று கேட்பார்கள். "அது மிஷின் இல்லம்மா, பக்கத்து வீட்டு வருமானம்" என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் இங்கே கடை போட்ட புதிதில் சண்டை போடத்தான் போனேன். கதவைத் திறந்தவள் கையெல்லாம் தவிடு. என் முகத்தைப் பார்த்ததுமே, "சத்தம்தானே? உள்ள வாங்கக்கா, வந்து நேர்லயே திட்டிட்டுப் போங்க" என்றாள். டீ கொடுத்தாள். கொட்டகை முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டினாள். சண்டைக்குப் போனவள், பெட்டிகளுக்கு வலைமூடி தைக்கிற ஆர்டரோடு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி. கூடப் பிறந்தவளோடுகூட நான் இவ்வளவு பேசினதில்லை. அவள் புருஷனைத் தெருவே வண்டுக்காரர் என்றுதான் சொல்லும்.

கொட்டகைக்குள் முழங்கால் உயரத்துக்குப் பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கியிருப்பார்கள். அந்தக் குழிகளுக்குள்தான் வண்டுகளின் குடித்தனம். தலைக்குமேல் சூட்டுக்கு பல்பு. தீனிக்குத் தவிடு, தண்ணீருக்குப் பதில் கேரட் தோல், பூசணித் துண்டு. முட்டையிட ஈரத் தேங்காய் நார்த்தூள் நிரப்பின தட்டு. வளர்ந்ததும் அட்டையை எடுத்துத் தட்டினால் பொலபொலவென்று வாளிக்குள் விழும். பறவை வளர்க்கிறவர்கள், மீன் வளர்க்கிறவர்கள், பல்லி, ஓணான் என்று வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போவார்கள். உயிரோடு வேண்டாம் என்கிறவர்களுக்காகச் சமையலறை மூலையில் ஒரு பெரிய ஃபிரீசர். அதில் போட்டால் குளிரில் தூங்குவதுபோல அடங்கிவிடும். "வலியே தெரியாதுக்கா" என்று தங்கச்சி சொல்வாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

கத்துவது எல்லாம் ஆண்தான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். "பொண்ணு வாயே திறக்காதுக்கா. பின்னாடி நீளமா ஊசி மாதிரி ஒன்னு இருக்கு பாருங்க, அதைத் தூளுக்குள்ள குத்திக் குத்தி முட்டையிட்டுக்கிட்டே இருக்கும். இதுங்க ரெக்கையை ரெக்கையில தேய்ச்சு ஊரைக் கூட்டும்."

"நம்ம வீட்டு நிலவரம்தான்," என்றேன்.

"எங்க வீட்லயும் அதேதான்," என்று சொல்லிப் புருஷன் பக்கம் பார்த்தாள். அவர் அட்டை தட்டிக்கொண்டே சிரித்தார். நல்ல மனிதர்தான். பெயின்ட் கடை வேலையை விட்டுவிட்டு, அவளோடு சேர்ந்து ஒரே ஒரு பெட்டியில் ஆரம்பித்துக் கொட்டகையை நிரப்பினவர். அவருக்கு ஒரே ஒரு குறை. தான் செய்கிற காரியத்தைப் பற்றித் தன்னைவிட யாருக்கும் தெரியாது என்கிற நினைப்பு.

மழைக்காலம் பிறந்தபோது முதல் அடி விழுந்தது. காலையில் கடையைத் திறந்து மிஷினில் உட்கார்ந்தேன், ஏதோ சரியில்லை. என்னவென்று பிடிபடவில்லை. ஒரு சட்டைக் கையை முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான் புரிந்தது, என் மிஷின் சத்தம் எனக்கே கேட்கிறது. எழுந்து அந்தப் பக்கம் ஓடினேன்.

தங்கச்சி ஒரு பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டுகள் மல்லாந்து கிடந்தன. செத்தவை பாதி, சாகாதவை பாதி. சாகாதவைதான் பார்க்கச் சகிக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு, முன்னங்காலால் காற்றைப் பிடிக்கப் பார்த்தன. அவள் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். அது இரண்டு எட்டு நகர்ந்து மறுபடி மல்லாந்தது. மறுபடி திருப்பிப் போட்டாள்.

"விடுடி," என்றேன்.

"நேத்து சாயங்காலம் தீனி போடும்போது நல்லாத்தான்க்கா குதிச்சுது. கை நீட்டினா ஓடி ஒளிஞ்சுது."

வண்டுக்காரர் தன் வைத்தியத்தை ஆரம்பித்தார். தவிட்டை மாற்றினார். பல்பைக் கூட்டினார், குறைத்தார். கேரட்டில் மருந்து அடித்திருக்கிறார்கள் என்று காய்கறிக்கடையில் போய்க் கத்திவிட்டு வந்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினார். அவர் ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, நோய் ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்தது. கடைசியில் தங்கச்சிதான், அவரைக் கேட்காமலே, பூச்சி நோய் ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் போட்டாள்.

வந்தவர் ஒரு மேடம். செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார், மல்லாந்தவற்றில் சிலதைச் சின்னக் குழாய்களில் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் திரும்பி வந்து முன்னறையில் உட்கார்ந்தார். நானும் இருந்தேன். எனக்கு அங்கே வேலையில்லை; ஆனால் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"வைரஸ்தாங்க," என்றார் மேடம். "பெரும்பாலும் பூச்சிகளைப் பிடிக்கிற ஒரு வைரஸ் குடும்பம் இருக்கு. ஆர்.என்.ஏ. வைரஸ். அதுல ஒன்னு இது."

"குடும்பமா?" என்றார் வண்டுக்காரர். "இதுக்கெல்லாமா குடும்பம்?"

"ஆமா சார். ஒன்னு தேனீயப் பிடிக்கும், ஒன்னு எறும்பப் பிடிக்கும், ஒன்னு பழ ஈயப் பிடிக்கும். பூச்சிய விட்டுட்டு இறாலுக்குப் போனதுகூட உண்டு. இது சில்வண்டுக்கு."

"சொந்தக்காரங்க ஆளுக்கொரு வீட்டைப் பிரிச்சுக்கிட்டாங்க போல," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"எங்களுக்கு வருமா மேடம்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"மனுஷங்கள ஒன்னும் பண்ணாது. பயப்படாதீங்க."

"மருந்து?"

"இல்ல."

மேடம் அதைச் சொன்ன விதத்தில் ஒரு வருத்தம் இருந்தது. பிறகு விளக்கினார். அந்த வைரஸ் என்பது ரொம்பச் சின்ன ஒரு இழை, அதற்கு ஒரு உறை, அவ்வளவுதான். அந்த இழையில் தன்னைப்போல இன்னொன்றை எப்படிச் செய்வது என்கிற விவரம் மட்டும் இருக்கும். அதற்குக் கை கிடையாது, கால் கிடையாது, வாய் கிடையாது. வண்டின் உடம்புக்குள் போனதும், அந்த உடம்பு தனக்காகச் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு வைரஸின் வேலையைச் செய்ய வைத்துவிடும். எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி நுழைந்து, அதைத் தூக்கி எறிந்துவிட்டு, என் நூலில், என் மிஷினில், நான் சாகிறவரை அவளுக்கே தைக்கச் சொன்னால் எப்படியோ அப்படி.

"ஆனா மேடம்," வண்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "எல்லாம் விழல. கடைசி வரிசைப் பெட்டியில கொஞ்சம் நல்லாக் குதிக்குது. அதுங்களுக்கு நோயே ஒட்டல. அத வெச்சுப் பெருக்கினா திடமான இனமா வருமில்ல?"

"ஒட்டலன்னு சொல்ல முடியாது சார். உள்ள இருக்கும், வெளிய காட்டாது. தான் நல்லா இருந்துக்கிட்டே பக்கத்துல இருக்கறதுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கும். எச்சத்துல இருக்கும், அட்டையில இருக்கும், முட்டை மூலமாவும் போகலாம். ஒன்னுகூட மிச்சம் வெக்கக் கூடாது. எல்லாத்தையும் எரிச்சு, ப்ளீச்சிங் போட்டுக் கழுவி, கொஞ்ச காலம் காலியா விட்டுட்டு, அப்புறம் வேற இடத்துலேர்ந்து புதுசா கொண்டு வாங்க."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

கொல்லையில் குழி வெட்டி எரித்தார்கள். தங்கச்சி பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டினாள். நான் தைத்த வலைமூடிகள் எல்லாம் அதில் போயின; எலாஸ்டிக் எரிகிற நாற்றம் தெரு முழுக்க. கடைசி வரிசையை வண்டுக்காரர் தானே எடுத்து வருகிறேன் என்று சொல்லி, உள்ளே போய் ரொம்ப நேரம் வரவில்லை. "அவருக்கு மனசு தாங்கலக்கா, விடுங்க," என்றாள் தங்கச்சி. வெளியே வந்தபோது அவர் கண் சிவந்துதான் இருந்தது. புகையோ, வேறென்னவோ.

பிறகு கழுவல். அப்படி ஒரு கழுவலை நான் பார்த்ததில்லை. சுவர், தரை, பல்பு, கதவுக் குமிழ். தங்கச்சியின் விரல் நுனியெல்லாம் ப்ளீச்சிங் பட்டு உரிந்துவிட்டது. கொட்டகை காலியாகக் கிடந்த நாட்களில் அவள் என் கடையில் இரண்டாவது மிஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்தாள். தையல் அவளுக்கு வரவில்லை. கோடு பாம்புமாதிரி போகும். பிரித்துக் கொடுப்பேன், மறுபடி தைப்பாள்.

"இது எனக்குத் தோதுப்படாதுக்கா. உங்க துணியப் பாழாக்கறேன்."

"பாழாக்கு. உன் கையில உசுரோட குதிக்கறது ஏதாவது இருந்தாத்தான் கை ஒழுங்கா வேலை செய்யும்போல."

"அண்ணன் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அவரோட நல்ல இனத்துலேர்ந்தே." சொல்லும்போது அவள் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் மலர்ந்தது.

அவளுடைய அண்ணன் வேறு ஊரில் இதே தொழில். வாய் பேசாத மனிதர். பேசினால் அது நடக்கும். கொட்டகை காய்ந்து, மேடம் வந்து பார்த்துத் தலையசைத்த பிறகு, அவர் குஞ்சு வண்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார். எறும்பைவிடக் கொஞ்சம் பெரியவை. தங்கச்சி கொட்டகை வாசலில் ஒரு சட்டம் போட்டாள். தனிச் செருப்பு, ஒரு தொட்டித் தண்ணீர், சோப்பு. கழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. நான் புதிதாக வலைமூடி தைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு அதிசயம் நடந்தது. அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத வண்டுக்காரர், காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கேரட் சீவ ஆரம்பித்தார். தோலைத் தானே அள்ளிக்கொண்டு போவார். குளியலறைப் பரண்மேல் வெந்நீர் ஹீட்டர் இருந்தது. அது ஒழுகுகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடிக்கடி ஸ்டூல் போட்டு ஏறுவார். தங்கச்சி என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

"நஷ்டம் வந்தா சில பேரு குடிப்பாங்க. உன் புருஷன் கேரட் சீவறாரு. குடுத்துவெச்சவ," என்றேன்.

குஞ்சுகள் தோலுரித்தன, வளர்ந்தன, இறக்கை முளைக்கிற பருவத்துக்கு வந்தன. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக ரம்பம் கேட்க ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தத்துக்காக நான் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. பத்து நாள்கூட ஆகியிருக்காது, மறுபடி மல்லாந்தன.

இந்தத் தடவை தங்கச்சி அழவில்லை. வெறி பிடித்ததுபோல ஆனாள். எங்கே தப்பு, எங்கே தப்பு என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். தவிடு விற்கிறவரிடம் போய் மூட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டுச் சண்டை. தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொன்னாள். எதிர்வீட்டுப் பூனையைக்கூடச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒருநாள் மத்தியானம் என் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு வலைமூடி.

"அக்கா, இந்த எலாஸ்டிக் புதுசுதானே?"

"புதுசுதான். ஏன்?"

"இல்ல... பழைய மூடியில எரிக்காம விட்டது ஏதாவது உங்ககிட்ட இருந்து, அதுலேர்ந்து பிரிச்சு..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னடி சொல்றே? ஓசியில தெச்சுக் குடுத்தேன், அதுல பழைய ரப்பரக் கோத்துக் குடுத்தேங்கிறியா?"

"கேக்கத்தான்க்கா செய்யறேன். எல்லாரையும் கேக்கறேன்."

"எல்லாரையும் கேளு. என்னைக் கேக்காதே. உன் வீட்ல இருக்கறவரக் கேட்டியா?"

"அவரு எதுக்குக்கா? அவருதான் என்னைவிட ஒடைஞ்சு போயிருக்காரு."

"அப்போ நான்தான் உனக்குக் கெடைச்சேனா? போடி."

போய்விட்டாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரே சுவர்; அவள் பாத்திரம் தேய்ப்பது எனக்குக் கேட்கும், என் மிஷின் ஓடுவது அவளுக்குக் கேட்கும். வண்டு சத்தம் இல்லாததால் எல்லாமே கேட்டது. கோபத்தில் நான் மிஷினை வேண்டுமென்றே வேகமாக மிதித்தேன். அப்படி மிதித்ததில் ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் காலர் கோணலாகப் போனதுதான் மிச்சம்.

அந்த ஊமைச்சண்டையை முடித்துவைத்தது அவளுடைய அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கடைக்கே வந்தார். பின்னால் தங்கச்சி, அவளுக்குப் பின்னால் மேடம்.

"டெய்லரம்மா, இத இங்க வெக்கலாமா?" என்றார் அண்ணன். பையிலிருந்து மூடி போட்ட ஒரு தட்டை எடுத்தார். ஈர நார்த்தூள். அதற்குள் முட்டை. "எங்கிட்ட இருக்கற நல்ல இனத்துல இதான் கடைசி. தங்கச்சிக்குன்னு எடுத்து வெச்சது. மேடம் இத வீட்டுக்குள்ள கொண்டுபோக வேணாங்கறாங்க."

"எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம உள்ள விடக் கூடாதுங்க," என்றார் மேடம். "கொட்டகைச் சுவரு, தரையெல்லாம் தடவி எடுத்துப் பாத்தேன், சுத்தமா இருக்கு. தவிடும் சுத்தம். அண்ணன் பண்ணையும் சுத்தம். ஆனா பெட்டிங்க ஓரத்துல இருக்கு. யாரோ கையால கொண்டு போயிருக்காங்க. வீட்லதான் எங்கயோ இருக்கு."

தங்கச்சி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க மூடியையும் பாத்தாங்கக்கா. சுத்தமாம்."

"அது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றேன். பிறகு வெட்டுமேசையிலிருந்த துணிகளைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தேன். தட்டு அங்கே உட்கார்ந்தது. அவள் இனிமேல் சில்வண்டு வளர்ப்பாளா, தலையணை உறைதான் தைப்பாளா என்பது அந்தத் தட்டில்தான் இருந்தது. அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரியும்.

"சாப்பிட வாங்க எல்லாரும்," என்றாள் தங்கச்சி. "அக்கா, நீங்களும்தான்." நான் பிகு பண்ணவில்லை.

சோறு, முட்டைக் குழம்பு, உருளைக்கிழங்கு. வண்டுக்காரர் கைகழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். மச்சானின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாப்ள, நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று அண்ணன் கேட்டார். "எங்க தப்பு நடந்திருக்கும்?"

"எனக்கென்ன தெரியும் மச்சான்? சட்டம் போட்டு வெச்சிருக்காளே. கழுவித்தான் எல்லாரும் போறோம்."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் தங்கச்சி. "கொட்டகையிலேர்ந்து வெளிய வந்தா முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவறாரு. கழுவாமச் சாப்பிட உக்கார மாட்டாரு."

"வெளிய வரும்போது சரி," என்றார் மேடம், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு. "உள்ள போகும்போது?"

வண்டுக்காரர் நிமிர்ந்தார். "உள்ள போகும்போது எதுக்கு? வீட்லேர்ந்துதானே போறேன். வீடு சுத்தமாத்தானே இருக்கு?"

அந்த நேரத்தில்தான் கேட்டது. கிர்ர். கொஞ்சம் இடைவெளி. கிர்ர், கிர்ர்.

முதலில் எல்லாரும் கொட்டகைப் பக்கம்தான் திரும்பினோம். கொட்டகையில் ஒன்றும் இல்லை; இரண்டாவது தடவையும் எல்லாவற்றையும் எரித்தாயிற்று, கழுவிக் கவிழ்த்த பெட்டிகள்தான். மறுபடி கேட்டது. புதுத் தொண்டை, இப்போதுதான் இறக்கை முளைத்தது போல, சுருதி சேராமல் அறுத்தது. சத்தம் குளியலறைப் பக்கமிருந்து வந்தது. மேலேயிருந்து.

யாரும் வண்டுக்காரரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவர் கையிலிருந்த சோற்றுருண்டை தட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

தங்கச்சி எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஹீட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே முட்டை அட்டை, ஈரத்தூள் நிரப்பின சோப்பு டப்பா, காய்ந்த கேரட் தோல். அப்புறம் வண்டுகள். பெரியது, சின்னது, குஞ்சு. வெளிச்சம் பட்டதும் அப்படி ஒரு குதி குதித்தன. ஒன்றுகூட மல்லாந்து கிடக்கவில்லை.

"பொம்பளை வண்டா பொறுக்கி வெச்சீங்க," என்றாள் தங்கச்சி. குரல் உயரவே இல்லை. "சத்தம் போடாதுன்னு. அதுங்க போட்ட முட்டையில ஆணும் பொறந்து வளந்துடுச்சு."

"இத பாரு, முழுசாக் கேளு." அவர் எழுந்து நின்றுவிட்டார், எச்சில் கையோடு. "கடைசி வரிசையில நின்னதுங்க இதுங்க. பக்கத்துல அத்தனையும் செத்துச்சு, இதுங்க சாகல. எரிக்கச் சொன்னா எப்படி எரிப்பேன்? நம்ம மொதப் பெட்டியிலேர்ந்து வந்த வம்சம்டி. நீயும் நானும் ஆரம்பிச்சது. பாரு, இத்தனை நாள்ல ஒன்னுகூட விழல! நான் சொன்னது சரியா இல்லையா? மேடம், நீங்களே பாருங்க."

மேடம் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார்," என்றார். "அதான் பிரச்சினை. இதுக்குத் தீனி போட்டுட்டு அந்தக் கையோட நேரா கொட்டகைக்குப் போயிருக்கீங்க."

"இதுங்க நல்லா இருக்கும்போது..."

"இதுங்க நல்லாத்தான் இருக்கு. நான் குடுத்ததுங்க..." என்று ஆரம்பித்த அண்ணன், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார். தான் கொடுத்ததெல்லாம் இந்தக் கையால் செத்தது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எம்மேல பழி போட்டப்போகூட நீங்க வாயத் திறக்கலையே," என்றேன். "சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருப்பீங்க?"

"சொல்லலாம்னுதான் நினைச்சேன் டெய்லரம்மா. இதுங்க பெருகினப்புறம், நம்ம இனமே நம்மகிட்ட இருக்குன்னு அவ கையில குடுத்துட்டுச் சொல்லலாம்னு..." அவர் குரல் உடைந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவளுக்கென்றுதான் வைத்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க எரிச்சல்தான் அதிகமாயிற்று. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

தங்கச்சி பெட்டியை மூடினாள். தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஃபிரீசர் கதவு திறக்கிற சத்தம், உள்ளே இருந்த பாக்கெட்டுகளைத் தள்ளி இடம் பண்ணுகிற சத்தம், கதவு மூடுகிற சத்தம்.

"வேணாம்டி," என்றார் அவர். நகரவில்லை, அதே இடத்தில் நின்றபடி சொன்னார். "கொஞ்சத்தையாவது..."

அவள் திரும்பி வந்து சோற்றுச் சட்டியை எடுத்து அண்ணனுக்குப் பரிமாறினாள். மேடத்துக்குப் பரிமாறினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஃபிரீசருக்குள்ளிருந்து அது மறுபடி ஆரம்பித்தது. கிர்ர், கிர்ர், கிர்ர். இருட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. குளிர ஆரம்பித்ததும் இடைவெளி கூடியது. கிர்ர். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு கிர்ர். அடுத்தது வருமா என்று எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்தது, பாதியில் நின்றது. அதற்கப்புறம் ஃபிரீசர் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

"இனிமே பயமில்ல," என்றார் மேடம், எழுந்துகொண்டே. "வீட்ட ஒரு தடவை கழுவிட்டு அந்த முட்டைத் தட்ட உள்ள கொண்டு வந்துரலாம்."

"வேணாம் மேடம்," என்றாள் தங்கச்சி. "அண்ணா, அத நீ எடுத்துட்டுப் போயிடு."

"என்னம்மா சொல்றே? உனக்காகத்தான்..."

"தெரியும். கொட்டகையக் கழுவிட்டேன். வீட்டையும் கழுவிடுவேன்." அவள் புருஷனைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். "இவரு அடுத்தது எத எங்க வெப்பாருன்னு நான் பரணையே பாத்துக்கிட்டிருக்க முடியாதுண்ணா. உன்னோடது உங்கிட்டயே இருக்கட்டும். அங்கயாவது உசுரோட இருக்கும்."

அண்ணன் எழுந்து கையைக் கழுவினார். பிறகு என் கடைக்கு வந்து, மேசையிலிருந்த தட்டைத் துணிப்பைக்குள் வைத்து, கொண்டுவந்தது மாதிரியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் தங்கச்சி என் கடையில் இரண்டாவது மிஷினில் வந்து உட்கார்ந்தாள். தலையணை உறையை எடுத்துப் போட்டேன். அன்றைக்கு அவள் தைத்த கோடு நேராகப் போயிற்று. அதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது; வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காலிக் கொட்டகையின் வாசலில், தனிச் செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டுக்காரர் தொட்டியில் குனிந்து முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, கையை உதறிவிட்டு, உள்ளே போனார்.